மூணு மருந்தோட பேர்

எனக்கு வேலை சொல்லிக் கொடுத்தவர் என் தங்கச்சி புருஷன். என்னைவிட நாலு வயசு சின்னவர். வீட்டுக்குள்ள இருந்தா நான் "வாங்க மாப்ள" என்பேன், அவர் "வாங்க மச்சான்" என்பார். பயிர்க் கொல்லையில கால் வச்சுட்டா அதெல்லாம் கிடையாது. அவர் என்னை "யோவ்" என்பார். நான் திட்டு வாங்குவேன்.

மருந்து அடிக்கிற வேலை. பருத்திக்கு, மக்காச்சோளத்துக்கு, சின்ன வெங்காயத்துக்கு. பூச்சிமருந்துன்னு எங்க ஊர்ல யாரும் முழுசா சொல்றது இல்லை. மருந்துதான்.

அதுக்கு முன்னால ரெட்டிபாளையம் பக்கம் சிமெண்ட் மூட்டை ஏத்திக்கிட்டு இருந்தேன். பதினாலு வருஷம். அப்புறம் மூட்டை ஏத்த மிஷின் வந்தது. ஆளைக் குறைச்சாங்க. குறைச்சதுல நானும் ஒருத்தன். எனக்குக் கல்யாணம் நிலைக்கல, அதை இங்க எழுத வேண்டாம். போக இடம் இல்லாம செட்டிகுளம் பக்கம் தங்கச்சி ஊருக்கு வந்தேன். அப்ப எனக்கு முப்பத்தெட்டு வயசு.

மூணு மாசம் அவங்க வீட்டுல சும்மா சாப்பிட்டேன். தங்கச்சி ஒண்ணும் சொல்லல. சோறு போடறப்ப கரண்டி சத்தம் மட்டும் கொஞ்சம் பெருசா கேட்டது.

ஒரு நாள் காலையில மாப்பிள்ளை தெளிப்பான் டேங்க் ரெண்டை எடுத்து வாசல்ல வச்சார்.

"யோவ் மச்சான். முதுகு நல்லாத்தான இருக்கு?"

"இருக்கு."

"அப்ப தூக்கு."

அவ்வளவுதான் கூப்பிட்டது. அந்த நாளை நான் மறக்கல. என்னை யாரும் வேலைக்குக் கூப்பிட்டு நாளாயிருந்தது.

அவர் எதையும் வாயால சொல்லித் தரமாட்டார். முன்னால போவார். பார்த்துக்கணும். கொல்லைக்குள்ள இறங்கறதுக்கு முன்னால ஒரு பஞ்சைப் பிச்சுக் காத்துல விடுவார். அது எந்தப் பக்கம் போகுதுன்னு பார்த்துதான் எந்தச் சால் வரிசையில இருந்து ஆரம்பிக்கறதுன்னு முடிவு பண்ணுவார். நானும் பஞ்சை விட்டேன். குழாய் முனை அடைச்சா வாயில வச்சு ஊதுவார். நானும் ஊதினேன். வாளியில தண்ணிய ஊத்தி, மருந்தை ஊத்தி, முழங்கை வரைக்கும் கையை விட்டுக் கலக்குவார். குச்சியால கலக்கினா அடியில தங்கிடும்னு சொல்வார். நானும் கையைத்தான் விட்டேன்.

இதையெல்லாம் படிக்கிறவங்க அவரைத் தப்பா நினைக்கக் கூடாது. எங்க சுத்துப்பட்டுல அவரை மாதிரி ஆள் கிடையாது. பக்கத்துக் கொல்லையில பொம்பளைங்க களை எடுத்துக்கிட்டு இருந்தா அவர் டேங்கைத் தூக்கமாட்டார். கொல்லைக்காரர் கத்துவார். அவர் வரப்புல உக்காந்து வெத்தலை போடுவார். பொம்பளைங்க கரையேறின பிறகுதான் அடிப்பார். காலி டப்பாவைக் கிணத்துலயோ வாய்க்கா வாரியிலயோ போட்டு நான் பார்த்ததே இல்லை. ஒரு ஏக்கருக்குப் பத்து டேங்க்னா பத்து டேங்க். எட்டு அடிச்சுட்டுப் பத்துன்னு சொல்ற ஆள் இல்லை. அதனாலதான் அவரைத் தேடி அரும்பாவூர்ல இருந்துகூட ஆள் வரும்.

இன்னொண்ணும் சொல்வாங்க. அவருக்கு மருந்து ஏறாதுன்னு. மத்தவங்க அடிச்சா ரெண்டு நாள் தலைவலின்னு படுப்பாங்க. வாந்தி எடுப்பாங்க. அவர் சாயங்காலம் குளிச்சுட்டு, மோர் குடிச்சுட்டு, கடைத்தெருவுக்குப் போய் நின்னு பேசுவார். அதைப் பார்த்துப் பெருமைப்பட்டவங்கள்ல நான் முதல் ஆள்.

வேலைக்குப் போன ரெண்டாவது வாரம் எனக்கு ஏறிடுச்சு. சோளத்துக்குள்ள போய்த் தெரியாம வாந்தி எடுத்தேன். அவர் பார்த்துட்டார். திட்டுவார்னு நினைச்சேன். தூக்குவாளியில இருந்த மோரை ஊத்திக் கொடுத்தார்.

"ஒண்ணுமில்லன்னு சொல்லு."

"யார்கிட்ட?"

"யார் கேட்டாலும். உன் தங்கச்சிக்குத் தெரிஞ்சா உன்னையும் விடமாட்டா, என்னையும் விடமாட்டா."

"உங்களுக்கும் இப்படி ஆவுமா மாப்ள?"

அவர் சிரிச்சார். "ஆவாம?" என்றார். "மொத வருஷம் ஆவாத நாளே இல்ல. எவனாச்சும் பாத்திருக்கானா?"

அப்பதான் எனக்கு விஷயம் புரிஞ்சது. அவருக்கு ஏறாம இல்லை. அவர் சொல்றது இல்லை. அது எனக்கு இன்னும் பெரிய காரியமாத் தெரிஞ்சது. அன்னைக்கு இருந்து நானும் சொல்றதை விட்டேன். தலை சுத்தினா வரப்பைப் பார்த்து நடப்பேன். கண்ணு மங்கினா ஒரு நிமிஷம் நிப்பேன். தங்கச்சி கேட்டா ஒண்ணுமில்லை என்பேன்.

ஒருத்தரைப் பார்த்துக் கத்துக்கறப்ப நல்லது தனியா கெட்டது தனியா வராது. மொத்தமா வந்துடும். எது எதுன்னு பிரிச்சுப் பார்க்கறதுக்கு எனக்குப் பன்னெண்டு வருஷம் ஆச்சு.

அவருக்கு ஒரு ரகசியம் இருந்தது. கலவை. கடைக்காரர் கொடுக்கிற ஒரு மருந்தை மட்டும் அடிச்சா புழு சாகாது, நாலு நாள்ல திரும்பி வரும். அவர் மூணு மருந்தைச் சேர்ப்பார். எது எது, எவ்வளவு எவ்வளவுன்னு அவருக்கு மட்டும்தான் தெரியும். மூணையும் மூணு ஊர்க் கடையில வாங்குவார். வீட்டுக்கு வந்ததும் பாட்டிலைத் தண்ணியில ஊற வச்சு, மேல ஒட்டியிருக்கிற பேரை உரிச்சு அடுப்புல போடுவார். பேர் இல்லாத பாட்டில்ல ஒண்ணுக்குச் சிவப்பு நூல் கட்டுவார். ஒண்ணுக்கு நீலம். ஒண்ணுக்கு ஒண்ணும் கிடையாது.

மத்த மருந்துக்காரங்க அதுக்கு ஏங்குவாங்க. கள்ளுக்கு ஆசைப்பட்ட மாதிரி பின்னாலயே வருவாங்க. ஒருத்தன் காலி பாட்டிலை எடுத்து மோந்து பார்த்துக்கிட்டு நின்னான். "என்னடா, ஊறுகாயா?"ன்னு மாப்பிள்ளை கேட்டார். அவன் போட்டுட்டு ஓடினான்.

அஞ்சு வருஷம் கழிச்சு எனக்குச் சொன்னார். மக்காச்சோளக் கொல்லையில ரெண்டு பேரும் உக்காந்து சாப்பிட்டுக்கிட்டு இருந்தோம். எதிர்ல செட்டிகுளம் மலைக்கோயில் தெரிஞ்சது.

"அங்க பாத்து சத்தியம் பண்ணு," என்றார்.

"எதுக்கு?"

"பண்ணுய்யா."

பண்ணினேன். மூணு மருந்தோட பேரையும் சொன்னார். இங்கிலீஷ் பேர். வாயில நுழையல. மூணு தடவை சொல்ல வச்சார். அளவு சொன்னார். "உன் தங்கச்சிக்குக்கூடத் தெரியாது," என்றார். எனக்குன்னு ஒருத்தர் ஒண்ணைக் கொடுத்தது அதுதான் முதல் தடவை.

இனி நடந்ததைச் சொல்றேன்.

அவருக்கு ஒரே பொண்ணு. பெரம்பலூர்ல காலேஜ் படிச்சு முடிச்சிருந்தது. அரியலூர் பக்கத்துல இருந்து பையன் வீட்டார் வந்து பூ வச்சுட்டுப் போனாங்க. பையன் சிமெண்ட் ஆலையில நிரந்தர வேலை. தை மாசம் கல்யாணம்னு பேசி முடிச்சது. பூ வச்சுப் பதினஞ்சு நாள்கூட ஆகல. பருத்தி அப்ப நெஞ்சுக்கு மேல வளர்ந்து நின்னது. ஐப்பசி. மழை வர்ற மாதிரி மூடிக்கிட்டு, வராம, ஒரே புழுக்கம்.

அன்னைக்குக் காலையில அவர் பஞ்சைப் பிச்சு விட்டார். அது எங்கயும் போகல. நேரா கீழ விழுந்தது. காத்தே இல்லை. அப்படி இருந்தா அடிச்சது நம்ம மேலயே நிக்கும், அடிக்கக் கூடாதுன்னு எனக்குக் காட்டினவரே அவர்தான். கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்தார். "அடிச்சிடலாம்," என்றார்.

அவர் டேங்க் மூடியில வாஷர் பிஞ்சு இருந்தது. ஒரு துணியைச் சுத்தி இறுக்கினார். நாலாவது டேங்க்ல நான் அவருக்குப் பின்னால வந்தேன். சட்டை முதுகுல இருந்து இடுப்பு வரைக்கும் நனைஞ்சு ஒட்டியிருந்தது. வேர்வை இல்லை. மருந்து. பார்த்தேன். சொல்லல. அவருக்குத் தெரியாதா என்னன்னு நினைச்சேன். சொன்னா என்ன சொல்வார்னும் தெரியும்.

பதினோரு மணி இருக்கும். அவர் டேங்க் சத்தம் நின்னது. போய்ப் பார்த்தா சால்ல உக்காந்து இருந்தார். வாயில இருந்து எச்சில் ஒழுகிக்கிட்டு இருந்தது. துடைக்கத் துடைக்க வந்தது.

"மாப்ள."

"ஒண்ணுமில்ல."

"வாங்க போலாம்."

"இரு. மோட்டார் கொட்டாய்க்குப் போவோம். குளிக்கணும்."

குளிப்பாட்டினேன். சோப்புப் போடச் சொன்னார். ரெண்டு தடவை போடச் சொன்னார். என் மாத்துச் சட்டையைப் போட்டுக்கிட்டார். நான் அது உடம்புக்கு நல்லதுன்னு செய்றார்னு நினைச்சேன். நல்லதுதான். ஆனா அவர் செஞ்சது அதுக்கு இல்லை.

"ஆஸ்பத்திரில நெஞ்சு வலின்னு சொல்லு," என்றார்.

"ஏன்?"

"மருந்துன்னா போலீஸ் வரும். குடிச்சான்னு எழுதிடுவான். பொண்ணுக்குப் பூ வச்சிருக்குய்யா."

அவர் பயந்ததுல நியாயம் இருந்தது. எங்க பக்கத்துல மருந்துன்னு ஆஸ்பத்திரிக்குப் போனா முதல்ல கேக்கிற கேள்வி, ஏன் குடிச்சான்னுதான். அதுக்கு முந்தின வருஷம் பக்கத்து ஊர்ல ஒருத்தர் அடிச்சு விழுந்தார். பொழைச்சு வந்தார். இன்னைக்கும் அவர் பொண்டாட்டியைப் பார்த்தா, "இவ என்ன பண்ணி அவன் குடிச்சானோ"ன்னுதான் பேசறாங்க.

கொல்லைக்காரர் ஆட்டோ கூப்பிட்டார். ஏத்தி விட்டுட்டு, "எங்க கொல்லைன்னு மட்டும் சொல்லாதீங்கப்பா," என்றார். ஆளாளுக்கு ஒண்ணு மறைக்க இருந்தது.

பக்கத்து டவுன்ல ஒரு சின்ன ஆஸ்பத்திரி. டாக்டர் வயசானவர், நல்ல மாதிரி. நாடி பார்த்தார்.

"என்ன பண்ணிட்டு இருந்தாரு?"

மாப்பிள்ளையே பதில் சொன்னார். "களை வெட்டிக்கிட்டு இருந்தேன் சார். நெஞ்சு அடைக்குது."

டாக்டர் என்னைப் பார்த்தார். "மருந்து கிருந்து அடிச்சாரா?"

என் கையை மாப்பிள்ளை பிடிச்சிருந்தார். இறுக்கினார். அந்தக் கையில பலம் குறைஞ்சு இருந்தது எனக்குத் தெரிஞ்சது.

"இல்லீங்க," என்றேன்.

நெஞ்சுல ஒயரை ஒட்டிப் படம் எடுத்தாங்க. குளுக்கோஸ் ஏத்தினாங்க. ஒரு ஊசி போட்டாங்க. நெஞ்சு வலிக்கு என்ன செய்வாங்களோ அதெல்லாம் செஞ்சாங்க. நான் சுவத்துல சாஞ்சு நின்னேன்.

தங்கச்சி வந்தாள். கூட மகளும். தங்கச்சி அவர் தலைமாட்டுல குனிஞ்சாள். நிமிர்ந்தாள். இத்தனை வருஷமா அந்தச் சட்டையைத் துவைக்கிறவ. சோப்பு வாசனை அவளை ஏமாத்த முடியாது. என்னை வெளியில கூப்பிட்டாள்.

"மருந்துதான?"

"ம்."

"டாக்டர்கிட்ட சொன்னியா?"

"இல்ல. அவர் வேணாங்கறார்."

அவள் அழல. சீலை முந்தியைக் கையில சுத்திக்கிட்டே இருந்தாள். அப்புறம், "வேணாம்ணே," என்றாள். "கொஞ்சம் பாப்போம். இதுக்கு முன்னால எத்தினி தடவ ஆயிருக்கும். சரியாப் போயிரும்."

எத்தனை தடவைன்னு அவளுக்குத் தெரிஞ்சே இருக்கு. அவளும் சொன்னது இல்லை.

ஒரு மணி நேரத்துக்கு மேல ஆச்சு. அவருக்கு மூச்சுல கொரகொரன்னு சத்தம் வந்தது. தொடைச் சதை தன்னால துள்ளுச்சு, தோலுக்குள்ள எலி ஓடற மாதிரி. மகள் அதைப் பார்த்துட்டு வெளியில ஓடிவந்தது.

"மாமா, நெஞ்சு வலின்னா காலு ஏன் மாமா துள்ளுது?"

டாக்டரும் பயந்துட்டார். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கன்னு ஆம்புலன்ஸ் வரவழைச்சார்.

பெரம்பலூர் பெரிய ஆஸ்பத்திரியில ஒரு பொம்பளை டாக்டர் இருந்தாங்க. என் மருமகளைவிட, தங்கச்சி மகளைத்தான் சொல்றேன், ரெண்டு மூணு வயசு கூட இருக்கும், அவ்வளவுதான். டார்ச் அடிச்சு அவர் கண்ணைப் பார்த்தாங்க. பக்கத்துல இருந்த நர்ஸையும் பார்க்கச் சொன்னாங்க. திரும்பினாங்க.

"இது நெஞ்சு வலி இல்ல. என்ன மருந்து?"

"நெஞ்சு வலிதாங்கம்மா," என்றாள் தங்கச்சி.

"அம்மா, கண்ணு பாப்பா ஊசி மொனை மாதிரி சுருங்கிக் கெடக்கு. நான் போலீஸ் இல்ல. என்ன மருந்துன்னு தெரிஞ்சா எனக்கு நேரம் மிச்சம். அவருக்குத்தான் நேரம் இல்ல."

தங்கச்சி என்னைப் பார்த்தாள். அவள் பார்வையில சொல்லுன்னும் இல்லை, சொல்லாதன்னும் இல்லை. மாப்பிள்ளையும் என்னைத்தான் பார்த்தார். பேச முடியல அவரால. ஆனா நினைவு இருந்தது. தலையை இப்படி அப்படி அசைச்சார். வேணாம்னு.

மூணு மருந்தோட பேர். அது அந்த ரூம்ல எனக்கும் அவருக்கும் மட்டும்தான் தெரியும். பாட்டிலை எடுத்துட்டு வந்திருந்தாலும் பிரயோஜனம் இல்லை. அதுல சிவப்பு நூல்தான் இருக்கும்.

சொன்னேன். முதல் பேர். ரெண்டாவது பேர். மூணாவது வாயில சரியா வரல, திருப்பிச் சொன்னேன்.

"மூணுமா? ஒண்ணாவா?"

"ஆமாங்க."

"குடிச்சாரா?"

"இல்லீங்க. அடிச்சோம். டேங்க் முதுகுல ஒழுகுச்சு."

"எத்தன மணிக்கு விழுந்தாரு?"

"பதினொண்ணு."

சுவத்துல கடிகாரம் இருந்தது. ரெண்டே கால். அவங்க அதைப் பார்த்துட்டு என்னைப் பார்த்தாங்க. "இவ்ளோ நேரம் என்னங்க பண்ணிட்டு இருந்தீங்க?" என்றாங்க. கோபமாக்கூடக் கேக்கல. புரியாம கேட்டாங்க. கேட்டுட்டுப் பதிலுக்கு நிக்காம உள்ள கிளம்பினாங்க.

போகிற போக்குல நின்னு, "நீங்களும் அடிச்சீங்கல்ல? தலை சுத்துதா? வாந்தி வருதா?" என்றாங்க.

எனக்கு அப்ப தலை சுத்திக்கிட்டுதான் இருந்தது.

"ஒண்ணுமில்லீங்க," என்றேன்.

தானா வந்தது. மருமகள் அங்கதான் நின்னது. அது என்னைப் பிடிச்சுத் தள்ளிக்கிட்டுப் போய் ஒரு பெஞ்சுல உக்கார வச்சு, நர்ஸைக் கூப்பிட்டு, "இவரையும் பாருங்க. இவரு பொய் சொல்றாரு," என்றது. என்னை அப்படி யாரும் சொன்னது இல்லை. சரியாத்தான் சொன்னது.

அவரைப் பதினோரு நாள் மூச்சுக்குக் குழாய் போட்டு வச்சிருந்தாங்க.

போலீஸ் வந்தது. ஏட்டையா ஒருத்தர். மரத்தடியில உக்காந்து எழுதினார்.

"குடிச்சானா, அடிச்சானா?"

"அடிச்சாருங்க."

"யாரு பாத்தா?"

"நான்தான் கூட அடிச்சேன்."

"ரெண்டு பேரும் ஒரே மருந்து. ஒரே கொல்லை. அவன் கெடக்கான். நீ எப்படிய்யா நிக்கிற?"

"என் டேங்க் மூடி நல்லா இருந்துச்சுங்க."

அவர் பேனாவை நிறுத்திட்டு என்னை ஒரு தடவை பார்த்தார். அப்புறம் அதையே எழுதிக்கிட்டார். குடிச்சான்னு எழுதல. மாப்பிள்ளை எதுக்காகப் பயந்தாரோ அது நடக்கவே இல்லை. உள்ளதைச் சொன்னதும் உள்ளதையே எழுதிட்டுப் போனார்.

பையன் வீட்டுல இருந்து பெரியப்பா முறையில ஒருத்தர் வந்தார். சாத்துக்குடிப் பை கொண்டு வந்தார். கண்ணாடி வழியாப் பார்த்தார். அப்புறம் என்னை டீக்கடைக்குக் கூட்டிக்கிட்டுப் போனார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. வூட்டுல எதாச்சும் சண்ட சச்சரவா?"

"இல்லீங்க. மருந்து அடிக்கிறப்ப ஆனது. ஏட்டையா எழுதியிருக்காரு."

"நம்புறேன். அப்ப அந்த மொத ஆஸ்பத்திரில நெஞ்சு வலின்னு சொன்னீங்களாமே, அது எதுக்கு?"

டீ கிளாஸைக் கையில வச்சுக்கிட்டு உக்காந்து இருந்தேன்.

"நாங்க என்னன்னு எடுத்துக்கறது?" என்றார். "இதையே மறைச்சா, பொண்ணு விஷயத்துல, உடம்பு விஷயத்துல இன்னும் என்ன இருக்குன்னு எங்க வூட்டுப் பொம்பளைங்க கேக்கறாங்க. நான் என்ன சொல்ல?"

நல்ல மனுஷன்தான். டீக்குப் பிறகு என் தோளைத் தட்டிட்டுப் போனார். தை வரைக்கும் ஒண்ணும் சொல்லல. தையும் போச்சு. மாசியில பூ வச்ச சீலையைத் திருப்பிக் கேட்டாங்க. தங்கச்சி மடிச்சுக் கொடுத்தாள். மருமகள் அன்னைக்கு வேலைக்கு மனு போடறேன்னு டவுனுக்குப் போயிருந்தது. திரும்பி வந்து பீரோவைத் திறந்து பார்த்துட்டு மூடினது. கேக்கல.

மறைச்சதுதான் கெடுத்தது. சொன்னது இல்லை. இதை நான் தங்கச்சிகிட்ட சொல்லல. அவளுக்கும் தெரியும்.

மாப்பிள்ளை வீட்டுக்கு வந்தார். பாதம் தூக்க வரல. நடந்தா கால்முனை தரையில தேயும். விரல்ல பலம் இல்லை, சட்டைப் பொத்தான் போட வராது. இனி டேங்க் தூக்க முடியாதுன்னு டாக்டர் சொல்லிட்டாங்க. என்கிட்ட ஒரு மாசம் பேசல. நான் என் வாடகை வீட்டுல இருந்து வருவேன், பக்கத்துல உக்காருவேன், போவேன். சத்தியத்தை மீறினதுக்குக் கோபம்னு நினைச்சேன். திட்டினா வாங்கிக்கலாம்னு இருந்தேன்.

ஒரு நாள் சாயங்காலம் அவரா ஆரம்பிச்சார். வீட்டுக்குள்ளதான் இருந்தோம். ஆனாலும் கொல்லையில கூப்பிடற மாதிரிதான் கூப்பிட்டார்.

"யோவ் மச்சான். அந்த மொத டாக்டர் உன்னதான கேட்டாரு?"

"ஆமா."

"ஏன்யா சொல்லல?"

"நீங்க கையப் புடிச்சீங்க மாப்ள," என்றேன்.

"புடிச்சேன். மருந்து ஏறிக் கெடக்கறவன் புடிச்சேன். எனக்கு அறிவு இருந்துச்சா அப்ப? உனக்கு இருந்துச்சுல்ல?"

"நீங்க சொன்னா நான் எப்ப மீறியிருக்கேன்?"

"அதான்," என்றார். "அதத்தான் கேக்கறேன்."

காலைக் கையால தூக்கி அந்தப் பக்கம் வச்சார். அப்புறம், "சரி, அங்க சொல்லல. பெரியாஸ்பத்திரில மட்டும் யாரக் கேட்டு மூணையும் சொன்ன?" என்றார்.

ரெண்டு கேள்விக்கும் ஒரே ஆள் பதில் சொல்ல முடியாது. எழுந்து வந்துட்டேன். வர்ற வழியெல்லாம் யோசிச்சேன். அவர் ரெண்டுலயும் நியாயமாத்தான் கேட்டார். சொன்னதுக்கும் கோபப்பட அவருக்கு உரிமை இருக்கு. சொல்லாததுக்கும் இருக்கு. மூணு மணி நேரம். முதல் ஆஸ்பத்திரியிலயே வாயைத் திறந்திருந்தா அந்தக் கால் நடந்திருக்குமோ என்னமோ. அந்தப் பொம்பளை டாக்டர்கிட்ட ஒரு தடவை கேட்டேன். "அத இப்ப சொல்ல முடியாதுங்க," என்றாங்க. சொல்ல முடியும்னுதான் எனக்குத் தோணுச்சு. என் முகத்தைப் பார்த்துட்டு விட்டுட்டாங்க.

நான் இன்னும் மருந்துதான் அடிக்கிறேன். வேற தெரியாது. முகத்துல துணி கட்டறேன், கையுறை போடறேன். "வாங்க டாக்டர், ஆபரேஷன் எத்தன மணிக்கு?"ன்னு பருத்தி எடுக்கிற பொம்பளைங்க சிரிப்பாங்க. சிரிக்கட்டும். காத்து இல்லாத நாள்ல வீட்டுக்குத் திரும்பிடுவேன். கலவை அடிக்கறது இல்லை. கடைக்காரர் கொடுக்கிற ஒண்ணைத்தான் அடிக்கிறேன். புழு அரைகுறையாத்தான் சாவுது. கூப்பிடற ஆளும் குறைஞ்சு போச்சு. பொம்பளைங்க களை எடுக்கிறப்ப மட்டும் அவர் உக்காந்த மாதிரிதான் வரப்புல உக்கார்றேன். கொல்லைக்காரர் கத்தட்டும்னு.

மாசம் ஒரு தடவை அவரைப் பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போறது என் வேலை. யாரும் என்னைச் சொல்லல. நானே எடுத்துக்கிட்டேன். அவர் வேணாம்னும் சொல்லல.

போன தடவை டாக்டர் கேட்டாங்க. "பாதம் எரிச்சல் இருக்கா?"

"இல்லீங்க," என்றார்.

"தூக்கம்?"

"நல்லாத் தூங்கறேன்."

டாக்டர் எழுதப் போனாங்க. நான் நாற்காலியை முன்னால இழுத்தேன்.

"எரியுதுங்க," என்றேன். "ஈரத்துணி சுத்திக்கிட்டுதான் படுக்கறாரு. ராத்திரி ரெண்டு மூணு மணிக்கு மேல தூங்கறது இல்ல. கையிலயும் மதமதப்பு இருக்கு. போன வாரம் டம்ளரைக் கீழ போட்டாரு."

மாப்பிள்ளை சுவத்துல மாட்டியிருந்த படத்தைப் பார்த்துக்கிட்டு இருந்தார். பல்லு எப்படித் துலக்கணும்னு போட்ட படம். அதை முழுசா படிச்சார். டாக்டர் ரெண்டு பேரையும் பார்த்தாங்க. யார் பேச்சை எடுத்துக்கறதுன்னு கேக்கல. மாத்திரையை மாத்தி எழுதினாங்க.

வெளியில வந்ததும், "உனக்கு எவன்யா சொன்னான் எரியுதுன்னு?" என்றார்.

"நீங்கதான் மாப்ள. இல்லன்னு சொன்னீங்களே."

அவர் நின்னார். திட்டுவார்னு இருந்தேன். திட்டல. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கால் தேய நடந்தார். பஸ் வந்தது. படி உயரம். கம்பியைப் பிடிச்சுக்கிட்டு அவரே ஏறினார், என்னைத் திரும்பிப் பார்க்கல. முதல் தடவை பாதம் படியில இடிச்சுக் கீழ வந்தது. பின்னால இருந்தவங்க, "சீக்கிரம் ஏறுங்கய்யா,"ன்னாங்க. நான் அவங்களுக்கும் அவருக்கும் நடுவுல போய்க் கீழ நின்னுக்கிட்டேன். ரெண்டாவது தடவை ஏறிட்டார்.